சிவப்பு டேப் போட்ட ரெஞ்ச்!

போன் அலறியது.

அரபு நாட்டு ருவைஸில், ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. அதன் டூல் ஸ்டோர். கம்பி வலை போட்ட ஜன்னல். அதற்குப் பின்னால் ஜஸ்டஸ்.

குளச்சல் பக்கத்துக்காரன். ஸ்பானர் கேட்டு வருகிறவனின் முகத்தைப் பார்த்தே, இவன் திருப்பித் தருவானா, இல்லை கட்டிலுக்கு அடியில் போட்டு வைப்பானா என்று சொல்லிவிடுவான். அத்தனை வருடமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான்.

போனில் தம்பி ஜெகினின் படம் தெரிந்தது.

ஜெகினுக்கு மீன்பிடி லாஞ்சில் வேலை. கரைக்கு வந்தால்தான் சிக்னல். சிக்னல் வந்தால்தான் அண்ணன் ஞாபகம். ஜஸ்டஸ் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"சொல்லுலே."

"தம்பி இல்லண்ணே. தம்பி பக்கத்துல இருக்கான்."

வேறு குரல்! ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ். பதற்றமே இல்லை. காய்கறி விலை விசாரிப்பது போல நிதானமாகப் பேசியது.

குரல் சொன்ன சேதி இதுதான். ஜெகின் ஒரு லாஞ்சின் அடித்தட்டில் அடைபட்டுக் கிடக்கிறான். அண்ணன் ஒரு உதவி செய்ய வேண்டும். செய்தால் தம்பி முழுசாகக் கரைக்கு வருவான். செய்யாவிட்டால்... கடல் பெரியது.

நம்பாமல் இருக்க வழியில்லை. ஏனென்றால் அடுத்து பேசியது ஜெகினே!

"அண்ணே... அவங்க கேக்குறத குடுத்துரு. போலீசுக்கு மட்டும் போவாத."

"அடிச்சாங்களாலே?"

மறுபடி அந்த நிதானக் குரல். டியூட்டி முடிந்ததும் சனைய்யாவில், அதுதான் அந்த ஊரின் ஒர்க்ஷாப் பேட்டை, டயர் கடைக்குப் பக்கத்து கஃபதேரியாவுக்கு வரச் சொன்னது. என்ன உதவி என்று ஜஸ்டஸ் கேட்டான்.

"நேர்ல பாருங்கண்ணே. என்ன வேணும்னு நீங்களே சொல்லுவீங்க. டூல் எடுத்துக் குடுக்குறவரு நீங்கதான?"

கட்.

ஜஸ்டஸின் கையில் ஒரு பைப் ரெஞ்ச் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வங்காளி "பாய், ஜல்தி" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஜஸ்டஸ் அவனிடம் சுத்தியலைக் கொடுத்தான்.

* * *

போகிற வழியில் டாக்ஸியைப் போலீஸ் ஸ்டேஷன் எதிரில் நிறுத்தச் சொன்னான். கண்ணாடிக் கதவைப் பார்த்தான். உள்ளே போய்ச் சொல்லலாம். இவர்கள் ரோந்துப் படகை எடுத்து, எந்த லாஞ்ச் என்று தேடி, கண்டுபிடிப்பதற்குள்... ஜெகினை மீன் தின்றிருக்கும்.

டிரைவர் "க்யா ஹுவா?" என்று திரும்பினான்.

"யல்லா, யல்லா" என்றான் ஜஸ்டஸ். டாக்ஸி நகர்ந்தது.

கஃபதேரியாவில் காத்திருந்தவனுக்கு ஐம்பது வயதிருக்கும். இடது கண் முழுக்க வெள்ளை. கிரைண்டர் பொறி தெறித்த கண். அந்த வேலையில் இருக்கிறவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். எழுந்து நின்று, போனில் கேட்ட அதே நிதானக் குரலில் வணக்கம் சொல்லி, கரக் டீ இரண்டு சொன்னான்.

"எம் பேரு கார்மேகம்ண்ணே. பரமக்குடி பக்கம். முன்னால ஜுபைல் பிளான்ட்ல ஃபிட்டர்."

ஜஸ்டஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் கடத்துகிறவன் ஊரும் பேரும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஒன்று, இவன் நம்மை உயிரோடு விடப்போவதில்லை. இல்லையென்றால், இவனுக்கே தப்பிக்கிற எண்ணம் இல்லை. இரண்டுமே நல்ல சகுனமாகப் படவில்லை.

டீ முடிந்தது. கார்மேகத்தின் ரூம் பின்சந்தில் இருந்தது. ஒற்றைக் கட்டில், ஒரு ஸ்டவ், தரையில் சாப்பாட்டுக்கு விரிக்கிற பிளாஸ்டிக் சீட். அதன்மேல் ஒரு போர்வை.

கார்மேகம் போர்வையை விலக்கினான்.

ஜஸ்டஸ் கதவைப் பார்த்துப் பின்வாங்கினான்.

ரைஃபிள்! துண்டு துண்டாக... குழல் தனி, கட்டை தனி, மேலே பொருத்துகிற டெலஸ்கோப் தனி. மீனோடு மீனாக ஐஸ் பெட்டியில் வந்தது என்று கார்மேகம் விளக்கினான். இதை இந்த ரூமிலேயே வைத்துச் சேர்க்க வேண்டும். சேர்க்கிற கை அவனுடையது. அதற்கு என்னென்ன டூல் என்று பொறுக்கி எடுத்து, கொண்டுவந்து தர வேண்டியது ஜஸ்டஸ்.

"கடையில வாங்க வேண்டியதுதான?"

"கடைக்குக் கடை கேமராண்ணே. அதுலயும் ஒத்தக் கண்ணன். ஒரு தடவ பாத்தா எவனும் மறக்கமாட்டான்."

"எனக்கு துப்பாக்கிய பத்தி ஒண்ணும் தெரியாது."

"துப்பாக்கிய பாக்காதீங்க. ஸ்க்ரூவ பாருங்க."

ஜஸ்டஸ் ஸ்க்ரூவைப் பார்த்தான்.

அங்கேதான் தப்பு நடந்தது. பழக்கதோஷம் பொல்லாதது! இத்தனை வருடம் ஒரே வேலையைச் செய்த மனிதன் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் விரலால் தடவிப் பார்த்தான். பயம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. வாய் தானாகப் பேசத் தொடங்கியது. ரூமில் கிடக்கிற ஸ்க்ரூ டிரைவர் இதற்கு ஆகாது, வெட்டுக்குள் இடைவெளி இல்லாமல் உட்காருகிற மாதிரி வேண்டும், இல்லையென்றால் வழுக்கிக் கோடு விழும். பிடித்துக்கொள்ள வைஸ் வேண்டும், அதன் வாய்க்கு ரப்பர் வைக்க வேண்டும். டெலஸ்கோப்பைப் பிடிக்கிற ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே அளவில் இறுக வேண்டும். கை அளவுக்கு முறுக்கினால் ஒன்று கூடும், ஒன்று குறையும்.

"டார்க் ரெஞ்ச் இல்லாம இத தொடவே கூடாது" என்றான்.

சொன்ன பிறகுதான் யாருக்கு, எதற்குச் சொல்கிறோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்த கணம் மூளையில் பளிச்சென்று ஒன்று வெட்டியது.

டார்க் ரெஞ்ச்!

முகத்தைக் காட்டாமல் குனிந்துகொண்டான். சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று ஸ்டோரில் இருப்பதாகவும், கொண்டுவருவதாகவும் சொன்னான்.

"யார சுடப்போறோம்னு கேக்கலியேண்ணே?" என்றான் கார்மேகம்.

"கேட்டா எனக்க தம்பி வருவானா?"

"கேக்குறதால வரமாட்டான்."

"அப்போ வேண்டாம்."

கார்மேகம் போர்வையை இழுத்து மூடினான். "எனக்கும் ஒரு தம்பி இருந்தான்" என்றான். இருந்தான் என்றால் இப்போது என்ன ஆனான் என்று ஜஸ்டஸ் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

* * *

டார்க் ரெஞ்ச் என்பது சாதாரண ரெஞ்ச் இல்லை. எவ்வளவு இறுக வேண்டும் என்று முதலிலேயே அதில் வைத்துவிடலாம். அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். அதற்குமேல் முறுக்கக் கூடாது.

அந்த 'டக்' சரியான இடத்தில் வருகிறதா என்று சோதிப்பதற்கே தனி லேப் உண்டு. சோதித்தால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தேறாவிட்டால் சிவப்பு டேப் சுற்றித் திருப்பி அனுப்புவார்கள். சிவப்பு டேப் போட்ட டூலை எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பிளான்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு இது வேதவாக்கு.

ஜஸ்டஸின் ஸ்டோரில் அப்படி ஒன்று பூட்டிய பெட்டியில் கிடந்தது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோனது. இறுகுவதற்கு ரொம்ப முன்னாலேயே 'டக்' என்று பொய் சொல்லும்.

திட்டம் இதுதான். அதை நம்பி கார்மேகம் முறுக்குவான். ஸ்க்ரூ இறுகியது போலத் தெரியும். இறுகியிருக்காது. சுடும்போது டெலஸ்கோப் அசைந்து கொடுக்கும். குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம்! யாரும் சாகமாட்டார்கள். கேட்ட டூலைக் கொடுத்த அண்ணனுக்குத் தம்பி திரும்பக் கிடைப்பான். பழி மொத்தமும் ஒரு கிழட்டு ரெஞ்சுக்கு.

ஜஸ்டஸ் சிவப்பு டேப்பை உரித்தான். தின்னர் போட்டுப் பசையைத் துடைத்தான். அந்த ஸ்டோருக்கு வந்த நாளிலிருந்து அவன் செய்யாத காரியம். காணாமல்போனதைத் தேடித் தருகிற அந்தோணியாரை நினைத்துக்கொண்டான். தம்பியைத் தேடித் தரும், பதிலுக்கு இந்த ரெஞ்ச் காணாமல்போவதைக் கண்டுகொள்ளாதேயும் என்று பேரம் பேசினான்.

கேட்டில் செக்கிங். டிபன் கேரியரின் அடித்தட்டில் டூல். மேல்தட்டில் மிச்சம் வைத்த சாளைமீன் குழம்பு. செக்யூரிட்டி மேல்தட்டைத் திறந்தான்... முகத்தைச் சுளித்தான்... போ என்று கையைக் காட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே அப்படித்தான் வெளியே போனது. வைஸ் மட்டும் கார்மேகமே எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தான்.

எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சீட்டில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான் கார்மேகம். ஸ்க்ரூ டிரைவர்களுக்குத் தலையாட்டினான். டார்க் ரெஞ்சை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

ஜஸ்டஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அதைத் தனியாக எடுத்து வைத்தான். வேலை முடிந்ததும் தம்பி தானாக வந்து சேருவான் என்றான்.

* * *

ஜஸ்டஸின் மனைவி டெல்சி நர்ஸ். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் டியூட்டி. அவளிடம் ஜஸ்டஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடவில்லையே என்று கேட்டாள். வாய்க்கசப்பு என்றான். காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜெகின் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டாள். கடலில் இருப்பான் என்றான். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை.

அவளுடைய தம்பி ஆல்டோவும் ருவைஸில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனிடமும் ஜஸ்டஸ் சரியாகப் பேசவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஜஸ்டஸ் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

அடுத்த நாள் மத்தியானம் ஸ்டோரில் போன் அடித்தது. ஜெகின் என்று பாய்ந்து எடுத்தான்.

டெல்சி.

"கேட்டியளா... இஞ்ச ஒருத்தர கொண்டு வந்திருக்காவ. சுட்டுட்டாங்க. ஒங்க தம்பி லாஞ்சிக்க நகுதா."

நகுதா என்றால் லாஞ்சின் தலைவன். அவன் சொல்கிற இடத்துக்குத்தான் லாஞ்ச் போகும். அவன் சொன்னால்தான் நிற்கும்.

ஜஸ்டஸ் கேட்டான். "எங்க பட்டுச்சு? கையிலயா?"

"நெஞ்சில. ஒரே குண்டு. ஸ்கேல் வச்சி கோடு போட்ட மாதிரி நேரா போயிருக்கு. வரும்போதே உயிரு இல்ல."

நேராகப் போயிருக்கிறது!

எப்படிப் போகும்? தளர்ந்த ஸ்பிரிங்... இறுகாத ஸ்க்ரூ... அசைகிற டெலஸ்கோப்... ஜஸ்டஸ் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தான் கொடுத்த டூலால் ஒருவன் செத்துவிட்டான். அந்த நினைப்பு வந்த அதே நேரத்தில், வேலை முடிந்துவிட்டது, இனி தம்பியை விட்டுவிடுவார்கள் என்றும் மனசு சந்தோஷப்பட்டது. தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

டியூட்டி முடியும் முன்பே போலீஸ் வந்துவிட்டது.

* * *

அதிகாரியின் பெயர் மக்தூம். சத்தம் போடாத மனிதர். அரபியை விட இந்தியில் நிதானமாகப் பேசினார். ஓரத்தில் மொழிபெயர்க்க ஒரு கேரளத்து ஆள், தமிழும் தெரியும். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே டார்க் ரெஞ்ச்.

உன்னுடையதா என்று கேட்டார். ஜஸ்டஸ் மறுக்கவில்லை. இனி மறைத்து என்ன? போன் வந்ததிலிருந்து டிபன் கேரியர் வரை கொட்டித் தீர்த்தான். கை கூப்பினான். என்னைத் தூக்கில் போடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை, முதலில் ஆள் அனுப்பி என் தம்பியைக் காப்பாற்றுங்கள், லாஞ்சில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அழுதான்.

மக்தூம் எழுந்து கதவைத் திறந்தார்.

ஜெகின் உள்ளே வந்தான்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. கையில் மட்டும் விலங்கு.

"என்ன யாரும் கடத்தலண்ணே" என்றான்.

ஜஸ்டஸுக்குக் காது அடைத்தது. மீதியை மொழிபெயர்ப்பாளர்தான் எடுத்துச் சொன்னார். துறைமுகத்து ஐஸ் பிளான்ட் மாடியிலிருந்து சுட்டது ஜெகின். சுட்டுவிட்டு ஓடவில்லை. கவிழ்த்துப்போட்ட மீன் கூடைமேல், துப்பாக்கியையும் ரெஞ்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊர்த் திருவிழாவில் பலூன் சுட்டுப் பரிசு வாங்கியதைத் தவிர அவனுக்கு வேறு பயிற்சி இல்லை. அது போதுமாக இருந்துவிட்டது.

"எதுக்குலே?"

ஜெகின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மீன் பிடிக்கக் கூடாத இடத்தில் வலை போட்டிருந்தார்கள். வலை புரொப்பெல்லரில் சிக்கியது. அறுத்துவிட விமல் தண்ணீருக்குள் இறங்கினான். விமல் கார்மேகத்தின் தம்பி. தூரத்தில் ரோந்துப் படகின் வெளிச்சம் தெரிந்தது. நகுதா எஞ்சினைப் போட்டான். விமல் கீழே இருப்பது தெரிந்துதான் போட்டான். விசாரணை வந்தபோது விமல் கால் வழுக்கி விழுந்து செத்தான் என்று நகுதா சொன்னான். விசா போய்விடும் என்று எல்லோரும் அதையே சொன்னார்கள்.

"நானுந்தாண்ணே சொன்னேன்... வழுக்கி விழுந்தான்னு. அதுக்கப்புறம் எனக்கு ஒறக்கமே வரல."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே லே."

"சொல்லி டூல் கேட்டா தந்திருப்பியா?"

"தரமாட்டேன்."

"எனக்கு ஆபத்துன்னா?"

ஜஸ்டஸ் தம்பியின் கை விலங்கைப் பார்த்தான்.

"தருவ. அதான் கடத்துனதா சொல்லச் சொன்னேன்."

ஜஸ்டஸ் தலையில் அடித்துக்கொண்டான். "நான் தந்தது கெட்ட ரெஞ்சு லே! சிவப்பு டேப் போட்டது. குறி தப்பணும்னுதான் தந்தேன். நீ சுட்டது எங்கயாவது போயிருக்கணும். ஒருத்தனும் செத்திருக்கப்பிடாது... நீ இப்ப வீட்டுல இருந்திருக்கணும்."

ஜெகின் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகம் உடைந்தது.

"கெட்டதுன்னு எங்களுக்குத் தெரியாதேண்ணே. அதுல ஸ்டிக்கர் இல்ல. ஸ்டிக்கர் இல்லாத டார்க் ரெஞ்ச கார்மேகம் அண்ணன் தொடமாட்டாரு. ஜுபைல்ல பழகுன பழக்கம். லேப்ல குடுத்து செக் பண்ணித்தான் முறுக்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

கொலைக்குத் துப்பாக்கி சேர்க்கிறான். அதிலும் முறைப்படி! இந்த மாதிரி ஒரு கூத்தை பிளான்டில் வேலை பார்த்தவன் தவிர வேறு எவன் செய்வான்?

"எந்த லேப்?" என்றான் ஜஸ்டஸ். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ருவைஸில் அவர்கள் கம்பெனிக்குச் சோதித்துத் தருகிற லேப் ஒன்றுதான்.

மக்தூம் பிளாஸ்டிக் கவரைத் திருப்பிக் காட்டினார்.

ரெஞ்சின் கைப்பிடியில் புத்தம்புதிய ஸ்டிக்கர். சோதித்த தேதி. சோதித்தவர் பெயர்.

ஆல்டோ!

ஜஸ்டஸ் அண்ணன் கொடுத்துவிட்டார் என்று சொல்லித்தான் கார்மேகம் நீட்டியிருக்கிறான். அத்தான் பெயரைச் சொன்னால், அந்த லேப்பில் வேலை பார்க்கிற மச்சினன் ஆல்டோ கேள்வியா கேட்பான்? தளர்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுப் புதுசு மாற்றியிருக்கிறான். திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியோடு வந்தவன் சொல்ல வாயெடுத்ததும் இதைத்தான். ஜஸ்டஸ்தான் பால்கனிக்குப் போய்விட்டானே!

ஆல்டோவையும் கார்மேகத்தையும் பிடித்தாகிவிட்டது. கார்மேகம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தானாம்.

இனி என்ன இருக்கிறது? அந்த நாட்டுச் சட்டப்படி, நகுதாவின் குடும்பம் மன்னித்தால் ஜெகினுக்கு உயிராவது மிஞ்சும். மன்னிப்பார்கள் என்று அந்த அறையில் யாரும் நம்பவில்லை. ஜெகின் அழத் தொடங்கினான். விலங்கு போட்ட கையால் கண்ணைத் துடைக்க வரவில்லை. ஜஸ்டஸ் எட்டித் துடைத்துவிட்டான். போலீஸ்காரன் தடுக்கவில்லை.

மேஜைமேல் ஜஸ்டஸின் போன் நடுங்கியது. டெல்சி. புருஷன், கொழுந்தன், தம்பி... மூன்று பேரையும் ஒரே நாளில் எப்படி அவளிடம் சொல்வது? அடித்து அடித்து அது ஓய்ந்தது.

ஜஸ்டஸ் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டான்.

"சார், எனக்க மச்சினன விட்டுருங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் வேலைய மட்டும்தான் பாத்தான்."

மக்தூம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் சொன்ன இந்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்...

"தெரியும்பா. இந்தக் கேஸ்ல பேரும் தேதியும் போட்டு வேலைய ஒழுங்கா பாத்த ஒரே ஆள் அவன்தான். அதனாலதான் தேடிப் போய் அவன முதல்ல பிடிச்சோம்."